ஊதினால் ஜீரோ, கண்ணோ சிவப்பு: கஞ்சா ஓட்டுநர் கேஸைக் கையாள்வது எப்படி

ராத்திரி இரண்டரை மணிக்கு போன். "ஏனுங்க வக்கீலண்ணா, ஊதச் சொன்னாங்க, ஊதினேன், ஜீரோதான் காட்டுச்சுங்க. அப்பறமும் உட மாட்டீங்கறாங்க. கண்ணு செவந்து கெடக்குதாமா."

நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக் கிளம்பி அது மூன்றாவது ராத்திரி. கிளீனர் இல்லாத வண்டி. தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கண் சிவக்காமல் வெளுத்தா கிடக்கும்? ஆனால் பையனும் ஒன்றும் தெரியாதவன் இல்லை. லோடுக்குக் காத்துக் கிடந்த அன்றைக்கு ஒரு தாபாவில் கஞ்சா இழுத்திருக்கிறான், அதை அவனே என்னிடம் சொன்னான். விடிகாலையில் சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள், பாசிட்டிவ். கேஸ் போட்டாயிற்று.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரிக்காரர்களுக்கும் போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்கும் மோட்டார் கேஸ் நடத்துவதுதான் எனக்குப் பொழப்பு. அதே வருசம் இன்னொரு கேஸும் வந்தது. திருப்பூரிலிருந்து பனியன் பண்டல் ஏற்றிவந்த பிக்கப். வழியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள், ஜீரோ, போ என்று விட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துப் பெருந்துறை தாண்டி, ஓரமாய் நின்ற கரும்பு டிராக்டரின் பின்னால் கொண்டுபோய்ச் சொருகினான். பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை. சட்டைப் பையில் கஞ்சா சாக்லேட் தாள் இரண்டு. நான் டிராக்டர்காரருக்கு ஆஜர்.

மூன்று நாளைக்கு முன்னால் இழுத்தவன் மாட்டினான், வயிற்றில் போதையோடு போனவனுக்கு வழிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, சாராயத்துக்குச் செய்த தராசில் கஞ்சாவை நிறுக்கப் போனதால் வந்த வினை. அதனால் இந்தக் கேஸை ரோட்டிலிருந்து கோர்ட் வரை எப்படிக் கையாள வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் வேண்டியது உள்ளே இருக்கிறது, போலீஸ்காரர் படித்தால் அவருக்கும் ஆகும்.

முதலில் சட்டத்தைப் படியுங்கள், இரண்டே வரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. அதில் (அ) குடிக்கு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், அவ்வளவுதான், நீங்கள் நேர்கோட்டில் ஓட்டினீர்களா கோணலாய் ஓட்டினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. (ஆ) மற்ற போதைக்கு: வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தால் குற்றம். எண் கிடையாது. 2019 திருத்தத்தில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் எல்லாவற்றையும் இதில் சேர்த்தார்கள், கஞ்சாவும் அதில் அடக்கம். தண்டனை இரண்டுக்கும் ஒன்றே: முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், அடுத்த முறை இரண்டு வருசம் வரை அல்லது 15,000 அல்லது இரண்டும்.

இந்த (ஆ) நல்ல சட்டம் என்பதுதான் என் கட்சி. கேட்க வேண்டிய கேள்வியை அதுதான் கேட்கிறது: ஸ்டியரிங் பிடித்த அந்த நேரத்தில் இவனால் வண்டியை ஓட்ட முடிந்ததா? இவன் நல்லவனா, எப்போதாவது இழுத்தவனா என்பதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. கோளாறு எங்கே என்றால், கேள்வியைக் கேட்டுவிட்டு விடை கண்டுபிடிக்க வழி வைக்காமல் விட்டுவிட்டார்கள். ரத்தம் எடுக்கும் 204-ஆம் பிரிவைப் பாருங்கள். ஊதும் கருவி ஆல்கஹால் காட்டியிருக்க வேண்டும், அல்லது ஆள் ஊத மறுத்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டேஷனில் வைத்து ரத்தம் கேட்கலாம். கஞ்சா போட்டவன் ஊத ஏன் மறுக்கப் போகிறான்? ஜம்மென்று ஊதுவான், ஜீரோ வரும், கதவு மூடிக்கொள்ளும். அப்புறம் போலீஸ்காரர் கைது செய்யப்பட்டவரை டாக்டர் பரிசோதிக்கச் சொல்லும் பொதுப் பிரிவைப் பிடித்துச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது இப்போது 51.

சரி, கஞ்சாவுக்கும் ஒரு எண் வைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். முதலாளிகள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

தூக்குப்போசியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்த போசியைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஆல்கஹால் அப்படி. உள்ளே இருப்பதும் மூச்சில் வருவதும் போதையும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். கடலெண்ணெய் வாங்கிவந்த போசியைக் கவிழ்த்துப் பாருங்கள், நாலு நாள் கழுவினாலும் பிசுக்கு போகாது. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. கொழுப்பில் ஒட்டுகிற சரக்கு. புகைத்த சில நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், போதை தெளியும் முன்பே மளமளவென்று இறங்கிவிடும். கொழுப்பில் தங்கியதோ நாள்கணக்கில் கசியும். ஆகவே தலை சுற்றுகிற நேரத்தில் ரத்தத்தில் குறைவாகவும், தினமும் அடிக்கிறவனுக்குத் தெளிந்த நேரத்திலும் கொஞ்சம் மிச்சமாகவும் இருக்கும். சிறுநீரில் பார்ப்பது இன்னும் மோசம், அங்கே வருவது உடம்பு உடைத்துப் போட்ட கழிவு. அதற்குப் போதையே கிடையாது, வாடிக்கையாகப் போடுகிறவர்களுக்கு வாரக்கணக்கில்கூட வந்துகொண்டிருக்கும். என் வெங்காய லாரிக்காரன் மாட்டியது அதில்தான். அமெரிக்காவில் அரிசோனா மாநில உச்ச நீதிமன்றம் 2014-லேயே இதைச் சொல்லிவிட்டது: போதை தராத அந்தக் கழிவு உடம்பில் இருந்ததை வைத்து ஒருவன் போதையில் ஓட்டினான் என்று தண்டிக்கக் கூடாது என்று.

எண் வைத்துப் பார்த்த ஊர்கள் நிறைய. வாஷிங்டன் மாநிலம் 2012-ல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோதே ஒரு மில்லி ரத்தத்தில் 5 நானோகிராம் டி.எச்.சி. என்று கோடு போட்டது, தாண்டினால் குற்றம். கொலராடோவும் அதே 5-தான், ஆனால் அங்கே அது வெறும் ஊகம், ஓட்டுநர் 'நான் தெளிவாகத்தான் இருந்தேன்' என்று மறுத்துக் காட்டலாம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-ல் 2 வைத்தன. கனடா 2018-ல் 2 முதல் 5 வரை சின்னக் குற்றம், 5-க்கு மேல் பெரியது என்று பிரித்தது, குடியும் கஞ்சாவும் சேர்ந்தால் 2.5-லேயே பிடிக்கும். ஜெர்மனி 2024-ல் 3.5, அது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அளப்பது. ஒரே சரக்குக்கு ஊருக்கு ஒரு எண் என்றால், எண் விஞ்ஞானத்திலிருந்து வரவில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்தது என்று தெரிகிறதல்லவா? அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2016-ல் அந்த 5-ஐ ஆராய்ந்துவிட்டு, விஞ்ஞான ஆதாரத்தோடு இப்படி ஒரு கோடு போட முடியாது என்றே எழுதியது.

கனடாக்காரனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அந்தக் கலவைக் கணக்கு. குவாட்டரில் பாதியும் ஒரு இழுப்பும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட மோசம். நம்மிடம் 30-க்குக் கீழே ஊதிவிட்டால் குடிப்பக்கம் விடுதலை, கஞ்சாப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

இனி ரோட்டில் செய்ய வேண்டியது. கேஸ் நிற்பதும் விழுவதும் முதல் பத்து நிமிடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டியை நிறுத்தும் முன்பே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். குடித்தவன் விரட்டுவான். கஞ்சாக்காரன் பெரும்பாலும் மெதுவாகப் போவான், முன் வண்டிக்கும் தனக்கும் ஏகப்பட்ட இடம் விடுவான், தான் ரொம்ப ஜாக்கிரதையாக ஓட்டுவதாக நினைப்பான். ஆனால் லேனுக்குள் வண்டி நெளியும், திடீரென்று எதிரே ஒன்று வந்தால் கால் பிரேக்குக்குப் போக நேரமாகும், ஒரே நேரத்தில் இரண்டு காரியம் என்றால் ஒன்றை விட்டுவிடுவான். 544 ஹைவேயில் எண்பதில் போகிற ரோட்டில் முப்பதில் உருண்டுகொண்டு, ஹெட்லைட்டை டிப் செய்யாமல், டோல்கேட்டில் திறந்திருக்கும் லேனைக் கண்முன்னே விட்டுவிட்டு மூடிய லேனில் போய் நிற்கிறவனைப் பாருங்கள். இதைச் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தால் 'கட்டுப்படுத்த முடியாத அளவு' என்ற வார்த்தைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இறக்கிய பிறகு பேச்சு கொடுக்க வேண்டும். எங்கே ஏற்றினே, எத்தனை மணிக்குக் கிளம்பினே, கடைசியா எங்கே சாப்பிட்டே. பதிலை அப்படியே எழுத வேண்டும், எப்போது தூங்கினான் என்பதையும். கண் சிவப்பு, வாய் வறட்சி, நாடி வேகம் மூன்றும் கஞ்சாவுக்கு வரும்தான், ஆனால் தூக்கமில்லாத லாரிக்காரனுக்குக் கண் சிவப்பு கஞ்சா இல்லாமலே வரும், போலீஸைப் பார்த்தாலே நாடி எகிறுகிற ஆளும் உண்டு. ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கோட்டில் நடக்கச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது என்று அமெரிக்கப் போலீஸிடம் சில சோதனைகள் உண்டு, அவை குடிக்காக உருவானவை. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல், கஞ்சா கேஸில் போலீஸ்காரர் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம், ஆனால் சோதனையில் 'பாஸ், ஃபெயில்' என்று சொல்லக் கூடாது என்று வரம்பு போட்டது. பதினாறு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தவனை ஒற்றைக் காலில் நிறுத்தினால் விழத்தான் செய்வான். எனக்கே காலையில் எழுந்ததும் ஒற்றைக் காலில் நிற்க வராது. கண் சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: விரலை மெதுவாக மூக்கருகே கொண்டுவந்தால் கஞ்சாவில் இருப்பவனுக்கு இரண்டு விழியும் உள்பக்கம் சேராமல் போவது வழக்கம். குடித்தவனுக்குப் பார்ப்பது வேறு, விரலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது விழி துடிக்கிறதா என்பது. அந்தத் துடிப்பு கஞ்சாவில் வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அறிக்கையே கிழிந்துவிடும்.

அப்புறம் எச்சில் சோதனை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2004 முதல் ரோட்டிலேயே எச்சில் எடுக்கிறது, வாளையாறு தாண்டினால் கேரளப் போலீஸ் 2022-ல் இதற்கென்று ஒரு வேன் விட்டது. எச்சில் அண்மைக் காலத்தில் போட்டதைக் காட்டும், சிறுநீர் மாதிரிப் பழைய சமாச்சாரத்தைக் கிளறாது. ஆனால் அது சல்லடைதான். பாசிட்டிவ் வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போக அது காரணம், தண்டிக்க அது போதாது.

டாக்டரிடம் போவதற்குக் கடிகாரம் இருக்கிறது. பிரிவு 202 சொல்கிறது: 185-ல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இதைப் பல இடத்தில் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். கஞ்சாவுக்கு இது உயிர்நாடி, மணிக்கு மணி ரத்தத்தில் அளவு விழுந்துகொண்டே போகும். நிறுத்திய நேரம், கைது நேரம், ரத்தம் எடுத்த நேரம், மூன்றும் தாளில் இருக்க வேண்டும். டாக்டர் வழக்கமான குடிச் சான்றிதழில் 'சாராய வாடை இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் பிரயோசனமில்லை. நாடி எவ்வளவு, கண் எப்படி, நடை, பேச்சு, கேட்டதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தான், தூக்கக் கலக்கமா வேறு ஏதாவதா, இவ்வளவும் வேண்டும். ரத்தத்தைக் குளிரில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஸ்டேஷன் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் பந்தோபஸ்துக்குப் போகக் கூடாது.

நான் சட்டம் எழுதுகிறவனாக இருந்தால் இதில் மாற்றுவது கொஞ்சம்தான். 204-இல் 'ஆல்கஹால்' என்ற இடத்தில் மற்ற போதையையும் சேர்ப்பேன், எழுதி வைத்த அடையாளங்கள் இருந்தால் எச்சிலும் ரத்தமும் எடுக்கலாம் என்று. சிறுநீர் முடிவை மட்டும் வைத்து 185 கேஸ் போடக் கூடாது என்று ஒரு வரி. குடியும் கஞ்சாவும் கலந்தால் தனிக் கணக்கு. முக்கியமாக, எச்சில் பாசிட்டிவ், ஆனால் ஓட்டத்தில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்றால் கேஸ் வேண்டாம், சாவியை வாங்கி வை, நாளைக்கு இதே நேரத்துக்கு வா. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படி 24 மணி நேரத் தடை இருக்கிறது. கேஸ் தோற்கலாம், ஆனால் அன்று ராத்திரி அந்த வண்டி ரோட்டில் இருக்காது. நாமக்கல் சமையல் கேஸ் டேங்கருக்கும் ஸ்கூல் வேனுக்கும் இந்தத் தடை இரண்டாம் பேச்சு இல்லாமல் வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் லாரிக்காரர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இனி ஓட்டுநருக்கு. போட்டால் வண்டியை எடுக்காதீர்கள், அவ்வளவுதான். புகைத்தால் முதல் சில மணி நேரம் மோசம். சாக்லேட்டோ பாங்கோ தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒன்றும் தெரியாது, 'ஏறவே இல்லையே' என்று இன்னொன்றைப் போடுவான், ரெண்டும் சேர்ந்து ஹைவேயில் ஏறும், ராத்திரி முழுக்க நிற்கும். பிக்கப்காரனுக்கு நடந்தது இதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனே சொன்னது.

நிறுத்தினால் இறங்குங்கள், வாக்குவாதம் வேண்டாம், ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள 205-ஆம் பிரிவு இடம் தருகிறது. 'நேத்துத்தாங்க அடிச்சேன், இன்னைக்கு இல்லீங்க' என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், கஞ்சா உட்கொள்வதே போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 27-ன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை மணி நேரமாய் ஓட்டுகிறீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்பதை டாக்டர் தாளில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

அப்புறம் கோர்ட்டில் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிரலாம், ஒரே நாள்ல முடிஞ்சுரும்' என்று யாராவது காதில் ஓதுவார்கள். 10,000-த்தோடு போச்சு என்று நினைக்காதீர்கள். 185-ல் தண்டனை ஆனால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் தடை, பிரிவு 20. படிக்காசில் வாழ்கிறவனுக்கு ஆறு மாதம் என்பது வீட்டு வாடகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், சீட்டுத் தவணை. என் வெங்காயக்காரன் ஒத்துக்கொள்ளவே தயாராக இருந்தான், இந்தப் பிரிவைப் படித்துக் காட்டிய பிறகுதான் கேஸை நடத்தச் சம்மதித்தான்.

முதலாளிகளுக்கு. பொட்டலம் வண்டியில் கிடைத்தால் அது வேறு கேஸ், பெரிய கேஸ். ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் பத்து வருசத்துக்குக் குறையாமல். வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். போதைப்பொருள் சட்டத்தின் 60-ஆம் பிரிவில், எனக்குத் தெரியாமல் நடந்தது, நானும் ஓட்டுநரும் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 'நம்ம பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க' என்பது முன்னெச்சரிக்கை ஆகாது. வேலைக்குச் சேர்க்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், டிரிப் கிளம்பும் முன் கேபினைப் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

தள்ளாடுகிறவனிடம் சாவியைக் கொடுத்து 'மெதுவாப் போயிரு கண்ணு, காலையில மார்க்கெட் புடிக்கணும்' என்று சொன்னால் மோட்டார் வாகனச் சட்டம் 188-ஆம் பிரிவில் உடந்தை, அவனுக்கு என்ன தண்டனையோ அதுவே உங்களுக்கும். விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி இதைத்தான் முதலில் தேடும், போதையில் ஓட்டியதைத் தற்காப்பாக எடுக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும்.

நான் சொன்னால் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று ராத்திரி ஒரே ஆளை ஓட்டவிட்டுவிட்டு அவன் ஏன் இழுத்தான் என்று கேட்பதில் அர்த்தமில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம் என்று போட்டுவிட்டது. இரண்டாவது ஓட்டுநருக்குக் கொடுக்கிற படி, டிராக்டர்காரருக்குத் தீர்ப்பாயத்தில் நான் கேட்டிருக்கிற தொகைக்கு முன்னால் சில்லறை. விட முடியாமல் பழகிவிட்ட ஆள் என்றால் துரத்திவிடாமல் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குச் சேர்த்துவிடுங்கள், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு உட்கொண்ட கேஸிலிருந்து விலக்கு கேட்கப் போதைப்பொருள் சட்டத்தில் 64-அ பிரிவு இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கேபினில் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் வைக்கும் ரெக்சின் பை இருக்குமே, அதில் ஒரு அட்டை போட்டு வையுங்கள்: முதலாளி நம்பர், வக்கீல் நம்பர், பக்கத்து ஊரில் வண்டியை வந்து எடுக்கக்கூடிய இன்னொரு ஓட்டுநர் நம்பர். அன்றைக்கு ராத்திரி அந்த மூன்றாவது நம்பர் இல்லாமல், வெங்காயம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் தார்ப்பாய்க்குள் வெந்து நாறிப்போனது.